குளிர்ந்த சுவரும் ஒரு பானைச் சுடுதண்ணீரும்

நீங்கள் கதவைத் தட்டுவதற்கு முன்பே அந்த வீட்டில் படம் எடுத்து முடித்திருப்பார்கள். வெப்பக் கெமராவால் வீடுகளில் பழுது தேடும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் விஷயம் இதுதான். இனி உங்கள் வேலை அந்தப் படத்திலிருந்துதான் தொடங்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெப்பக் கெமரா என்பது ஒரு பெரிய மனிதர். தனக்கென்று பெட்டி, தனக்கென்று பூட்டு, மழை பெய்தால் தனக்கு முதல் குடை. அவரைத் தோளில் சுமந்துகொண்டு கண்டியின் மேடுகளில் ஏறி இறங்கினோம். ஈரச் சுவர், சூடேறிய வயர், மறைந்து ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் அவர்தான் காட்டிக்கொடுப்பார். வீட்டுக்காரர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். இன்று அவர் விரல் நீளத்துக்குச் சுருங்கிப் போனின் அடியில் செருகிக்கொண்டுவிட்டார். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் சொக்லேட்டோடும் சவர்க்காரத்தோடும் சேர்த்து அவரையும் அனுப்பிவிடுகிறார்கள்.

அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சனங்கள் அதைக் கொண்டு செய்யும் காரியங்களைப் பார்த்து நான் ரசித்திருக்கிறேன். பேராதனையில் ஓர் அம்மா ஃப்ரிட்ஜ் கதவின் எந்த மூலையால் குளிர் வெளியேறுகிறது என்று தானே கண்டுபிடித்து ரப்பரை மாற்றினார். கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா, சீலிங்குக்கு மேல் எலி எந்தப் பலகையில் குடும்பம் நடத்துகிறது என்று கீழே கதிரையில் சாய்ந்தபடியே பார்த்துவிட்டார். தெல்தோட்டையில் என் மச்சான் அப்பச் சட்டியின் எந்தப் பக்கம் சூடு பிடிக்கவில்லை என்று பார்க்கிறான். அப்பம் என்னவோ முன்பு போலத்தான் வருகிறது. கேத்தல் செருகும் ப்ளக் கொதிக்கிறதா, பூனை அலுமாரிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டதா, எல்லாவற்றுக்கும் ஆகும். பிள்ளையின் காய்ச்சலுக்கு மட்டும் வேண்டாம் என்று போகிற வீடெல்லாம் சொல்லுங்கள். அந்த வேலைக்கு வெப்பமானியும் வைத்தியரும் இருக்கிறார்கள்.

ஒருவர் ஒருமுறை பதறிப்போய் எனக்கு அழைப்பு எடுத்தார். "தம்பி, பாத்ரூம் சுவருக்குள்ள ஒரு ஆள் நிக்குது. தலை தெரியுது, தோள் தெரியுது."

"கையை ஆட்டிப் பாருங்க," என்றேன்.

பிறகு மெல்லிய குரல்: "அவனும் ஆட்டுறான்."

பளபளக்கும் டைல்ஸ் கண்ணாடி மாதிரி. அவருடைய உடம்புச் சூட்டையே அவருக்குத் திருப்பிக் காட்டியிருக்கிறது. சிரித்தோம், முடிந்தது. ஆனால் எல்லாப் படமும் சிரிப்போடு முடிவதில்லை. படம் சொல்வது, இந்த இடம் சூடு, அந்த இடம் குளிர், அவ்வளவுதான். பார்ப்பவர் காதில் அது ஓர் ஆளின் பெயராக விழும். அம்பிட்டியவில் அப்படி விழுந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். முழங்கால்கள் இரண்டும் ஏணியோடு கோபித்துக்கொள்ள, ஐம்பதைத் தாண்டிய கையோடு நான் வேலையை விட்டதற்குச் சற்று முன்னால் நடந்தது அது.

பிலோமினா டீச்சர் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார், மகன் இத்தாலியில். வீடு மலைச்சரிவை வெட்டிக் கட்டியது. முன்னால் நின்று பார்த்தால் இரண்டு மாடி. பின்னால் சுற்றிப் போனால் ஒரு மாடிதான் தெரியும். கீழ்மாடியின் பின்சுவர் கிட்டத்தட்டக் கூரைத் தட்டுவரைக்கும், அதாவது மேல்மாடியின் தரைவரைக்கும், மண்ணுக்குள் இருந்தது. நம்முடைய பக்கத்தில் பாதி வீடுகள் இப்படித்தான், ஒரு தோளால் மலையைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன.

கீழே டீச்சர். மேலே வாடகைக்கு அகிலன், நிரோஜா என்று யாழ்ப்பாணத்து இளம் தம்பதி. அகிலனுக்குப் பேராதனையில் ஆய்வுகூட வேலை. குழந்தைக்கு அப்போதுதான் கவிழத் தெரிந்திருந்தது.

டீச்சரின் நடு அறையில், பின்சுவரின் உச்சியில், ஈரம் கண்டிருந்தது. அதற்கு நேர் மேலே மாடியின் பாத்ரூம். மழை விட்டுப் பல நாளாகியும் ஈரம் காயவில்லை. மகன் அனுப்பிய சின்னக் கெமராவைப் போனில் செருகி டீச்சர் சுவரைப் பார்த்தார். கூரைத் தட்டின் அடியிலிருந்து, குளிரைக் காட்டும் நிறத்தில், ஒரு நீல நாக்கு கீழே தொங்கியது. அந்தப் படத்தை முதலில் மகனுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் பொதுவான வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மாதம் முடிய வீட்டைக் காலி பண்ணும்படி மேல்மாடிக்கும் சொல்லிவிட்டார். கடைசியாகத்தான் எனக்கு அழைப்பு வந்தது.

"தம்பி, எனக்கு எல்லாம் தெரியும். நீங்க வந்து ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

இப்படி அழைப்பவர்களிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். அங்கேதான் கட்டாயம் போக வேண்டும்.

போனபோது வாசலிலேயே மெழுகு மணத்தது. சிவப்புச் சீமெந்துத் தரை முகம் பார்க்கும்படி மினுங்கியது. மாடிப்படியின் அடியில் இரண்டு மூன்று அட்டைப்பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றின் மேல் குழந்தையின் கிலுகிலுப்பை. நடு அறையில் கணவரின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கதிரையில் சாய்த்திருந்தார் டீச்சர். என் கெமராவைத் திறந்து சுவரைப் பார்த்தேன். நாக்கைக் காணோம். முழுச் சுவரும் நீலம், கடல் மாதிரி.

"டீச்சர், சுவரைக் கழுவினீங்களா?"

"பின்ன? ஒரு ஆள் வீட்டுக்கு வாறப்ப பூஞ்சணத்தோடயா வச்சிருக்கிறது? விடிய எழும்பி நல்லா ஈரத்துணியால துடைச்சு விட்டேன்."

நம்முடைய சனங்களின் வழக்கம் இது. பார்க்க ஆள் வருகிறது என்றால் பார்க்க வேண்டியதைத்தான் முதலில் துடைப்பார்கள். வயர் பார்க்கப் போனால் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜையும் கழற்றி, வீட்டைச் சில்லென்று வைத்திருப்பார்கள். சூடேறுகிற வயரை அப்போது எந்தக் கெமரா காட்டும்? கோபிக்காதீர்கள். அது நமக்குச் செய்யும் மரியாதை. ஈரம் காயும்போது சுவரைக் குளிர்விக்கும். துடைத்த ஈரமும் ஒழுகிய ஈரமும் கெமராவுக்கு ஒரே நீலம். காயும்வரை காத்திருங்கள். இந்தக் காத்திருப்பில்தான் பாதி வேலை நடக்கிறது என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

"எவ்வளவு நேரம் ஆகும்? பின்னேரம் மேல்மாடியைப் பாக்க வேற ஆளுங்க வாறாங்க," என்றார் டீச்சர்.

"ஃபேனைப் போடுங்க. காஞ்சதும் சொல்றேன்."

ஃபேன் சுழன்றது. தேத்தண்ணி வந்தது. மேலே தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டதும் டீச்சர் விரலை உயர்த்தினார். "கேக்குதா? நாள் முழுக்க இதான். குழந்தை பிறந்த நாள்ல இருந்து ஒரே கழுவல். அதுக்குப் பிறகுதான் என் சுவரும் நனைஞ்சது. மழையும் இல்ல. மிச்சம் என்ன இருக்கு, நீங்களே கூட்டிக் கழிச்சுப் பாருங்க."

அகிலன் படியிறங்கி வந்து கடைசிப் படியிலேயே நின்றான். அறைக்குள் வரவில்லை.

"அண்ணை, பிள்ளையின்ர உடுப்புத் தோய்க்கிறது குற்றமெண்டால் அதையும் சொல்லிப்போட்டுப் போங்கோ."

"தோய்க்க வேணாம்னு யாரும் சொல்லல," என்றார் டீச்சர், அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. "தோய்க்கிற தண்ணி என் தலையில இறங்காம இருந்தா சரி."

"ஒரு சொட்டும் நாங்கள் விடேல்லை. ஆனால் ரோட்டிலை இறங்கினால் ஒவ்வொருத்தரும் பாக்கிற பார்வை! நேற்று மருந்துக்கடைக்காரரும் கேட்டவர், தம்பி, அந்த நீலப்படம் உங்கட வீடோ எண்டு."

"படம் பொய் சொல்லுமா, தம்பி?" இதுவும் என்னிடம்தான்.

இருவருக்கும் இடையில் நான் ஒரு தபால்பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன். மேலிருந்து நிரோஜாவின் குரல் வந்தது: "அகிலன், கதைச்சது காணும். மேல வாங்கோ." அவன் போனான். டீச்சர் எழுந்து குசினிக்குள் போய் ஒரு வாளியோடு வந்தார்.

"இருங்க தம்பி, மாதாவுக்குத் தண்ணி வார்த்திட்டு வாறேன். இன்னைக்குத் துடைக்கிற அவசரத்தில மறந்துட்டேன்."

வாளியை வாங்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். வீட்டைச் சுற்றி மேட்டில் ஏறினால் பின்சுவர். அதோடு ஒட்டிக் கல்லடுக்கிய ஒரு கெபி, அதற்குள் நீல மேலாடையோடு மாதா சுரூபம். மாதாவின் காலடியில் சீமெந்துத் தொட்டி, சுற்றிலும் பன்னச் செடிகள். எல்லாம் டீச்சரின் கணவர் தன் கையால் கட்டியது. ஒவ்வொரு கல்லையும் அவரே தேர்ந்தாராம். டீச்சர் சீமெந்து குழைத்துக் கொடுத்தாராம். மேலே ஒரு பலாமரம் பெரிய கையை விரித்த மாதிரி நின்றது.

"போன முறை காய்ச்சப்ப ஒரு பலாக்காய் நேரா தொட்டியில விழுந்திருச்சு. விளிம்பு உடைஞ்சது. நான்தான் சீமெந்து பூசினேன். நல்லாத்தான் பூசியிருக்கேன், பாருங்க." தண்ணீரை விளிம்புவரை ஊற்றினார். "காலையில வார்த்தா பின்னேரம் பாதி இருக்காது. வெயில் குடிச்சிடுது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பலா இலைக்கு இடையால் காசளவு வெளிச்சம்கூட விழவில்லை. காலடியில் பாசி வழுக்கியது.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. நீங்களும் இப்படி ஒரு நாள் நிற்பீர்கள். கண்டுபிடித்த சந்தோஷம் நாக்கின் நுனியில் துள்ளும். அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளச் சொல்வேன். என் மனதில் இருந்தது ஒரு சந்தேகம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கணவர் கட்டிய கெபி ஒழுகுகிறது என்று நான் வெறும் வாயால் சொன்னால் அந்த மனுசி என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பின்னேரம் வருகிறவர்களுக்கு மேல்மாடியைக் கொடுத்துவிடுவார். அதுவும் போக, மேல்மாடியை நான் இன்னும் பார்க்கவேயில்லை. அங்கேயும் ஒழுகலாம். ஒன்றைக் கண்டதும் மற்றதை மறப்பது நம் கண்ணுக்குப் பழக்கம்.

சுவர் காய்ந்தது. என் கெமராவிலும் நீல நாக்கு திரும்பி வந்தது, டீச்சரின் படத்தில் இருந்ததைவிடத் துல்லியமாக.

"பாத்தீங்களா! பெரிய கெமராவும் அதைத்தானே சொல்லுது!" டீச்சரின் முகம் பூரித்தது. "சொல்லுங்க தம்பி, ஈரம்தானே?"

அகிலன் மறுபடி படியில். இந்த முறை நிரோஜாவும், தோளில் குழந்தையும். மூவரும் என் வாயைப் பார்த்தார்கள். குழந்தை ஃபேனைப் பார்த்தது.

ஈரம்தான். அது உண்மை. ஆனால் நான் "ஓம், ஈரம்" என்று சொன்ன உடனே அந்த அறையில் அதற்கு "மேலே இருப்பவர்கள்" என்று அர்த்தம் ஆகியிருக்கும். உண்மையான சொல்லையும் எந்த நேரத்தில் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

"டீச்சர், எங்கே ஈரம்னு படம் காட்டுது. எங்கேயிருந்து வருதுன்னு காட்டல. அதை இப்பப் பாத்துடலாம். உங்க வீட்ல பெரிய பானை இருக்கா?"

"பானையா?"

வழியைச் சொன்னேன். வீட்டிலுள்ள குழாய்களையெல்லாம் பூட்டியபோது தண்ணீர் மானி அசையாததை ஏற்கெனவே பார்த்திருந்தேன். அதனால் தண்ணீர் வரும் குழாயில் பழுதில்லை. மிச்சம், ஊற்றுகிற தண்ணீர். மேலே பாத்ரூம் தரையில் சுடுதண்ணீர் ஊற்றுவோம். அங்கேயிருந்துதான் ஒழுகுகிறது என்றால் அதே வழியால் சூடு இறங்கும். நீல நாக்கு நிறம் மாறும்.

அகிலனுக்கு முகம் சிவந்தது. "எங்கட வீட்டுக்கை வந்து, சுடுதண்ணி ஊத்தி, எங்களையே சோதிக்கிறதோ, அண்ணை?"

"ஊத்தட்டும்," என்றாள் நிரோஜா. "ஊத்தினால்தானே தெரியும். நான் ஒண்டுக்கும் பயப்பிடேல்லை."

கிறிஸ்மஸுக்குச் சோறு ஆக்கும் பானையை டீச்சர் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். அவருடைய அடுப்பில் ஒன்று, மேல் வீட்டு அடுப்பில் ஒன்று என்று தண்ணீர் கொதித்தது. பானையின் ஒரு காதை அகிலனும் மறு காதை நானும் பிடித்துப் படியேறினோம்; என் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு சொன்னது. பின்னால் டீச்சர், "பாத்து, பாத்து, மெழுகின தரை, வழுக்கும்," என்று குரல் கொடுத்தார். வீட்டை விட்டு அனுப்பப்போகிறவனுக்கும் வழுக்கக்கூடாதுதானே.

இனிச் சொல்லப்போவதைக் கவனித்து வாசியுங்கள். கீழே நின்று பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் கெமராவைப் பைக்குள் வைத்து மூடினேன். டீச்சரின் போனை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"நீங்கதான் பாக்கணும். உங்க கெமராவாலதான்."

"என்ன, உங்களுடையது பழுதா?"

"இல்ல. நீங்க எடுத்த படத்துக்கு நீங்க எடுக்கிற படம்தான் பதில்."

தன் கண்ணால் பார்த்து முடிவுகட்டிய ஒருவர் இன்னொருவரின் காகிதத்துக்காக அதை மாற்றிக்கொண்டதை நான் கண்டதில்லை. எத்தனை அழகாக அறிக்கை எழுதிக் கொடுத்தாலும் சரி. கெமராவைக் கையில் கொடுத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். இந்த விலகி நிற்பதுதான் தொழிலில் எனக்குக் கடினமாக வந்தது.

பாத்ரூம் வடிகாலைத் துணியால் அடைத்துச் சுடுதண்ணீரை ஊற்றினோம். ஆவி எழுந்து கண்ணாடியை மூடியது. நான் படித்தலைப்பில் வந்து நின்றேன்.

"டீச்சர், ஏதாவது மாறுதா?"

"இல்ல."

காத்திருந்தோம். குழந்தை கொட்டாவி விட்டது.

"இப்ப?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

மிச்சமிருந்ததையும் ஊற்றினோம். பிறகு அடைப்பை எடுத்தோம். தண்ணீர் சுழன்று இறங்கியது.

"வருது! வருது!" டீச்சரின் குரல் கீழேயிருந்து பாய்ந்தது. அகிலன் சுவரைப் பிடித்துக்கொண்டான். நிரோஜா குழந்தையை இறுக்கினாள். நான் இறங்கி ஓடினேன், ஓடினேன் என்றால் என் முழங்காலின் ஓட்டம். அவர்கள் இருவரும் பின்னால் வந்தார்கள்.

டீச்சர் போனை அறையின் மறுமூலைக்குப் பிடித்திருந்தார். அங்கே மேலிருந்து கீழே ஒரு மெல்லிய மஞ்சள் கோடு, ஸ்கேல் வைத்துக் கீறியது மாதிரி.

"அது கழிவுக்குழாய், டீச்சர். சுவருக்குள்ளால நேரா வெளிச் சாக்கடைக் காணுக்குப் போகுது. தண்ணி போகவேண்டிய வழியாலதான் போகுது."

டீச்சர் போனை மெல்ல இந்தப் பக்கம் திருப்பினார். நீல நாக்கு அப்படியே தொங்கியது. ஒரு துளி நிறம் மாறவில்லை. அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். எட்டிப் போய்ப் பார்த்தார். போனை அணைத்துப் போட்டும் பார்த்தார். பிறகு கணவரின் படம் சாய்ந்திருந்த கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

அகிலன் பேசப் போனான். நிரோஜா அவன் கையைத் தொட்டாள்.

"அப்ப எங்கேயிருந்து?" என்றார் டீச்சர். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை. கரும்பலகையின் முன் நின்று கணக்கைத் திரும்பப் பார்ப்பவரின் குரல்.

"மாதாவுக்கு வார்த்த தண்ணி இப்ப எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டு வருவோமா, டீச்சர்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் வந்து, நின்று, போனதைக் கண்டேன். எழுந்து முன்னால் நடந்தார்.

தொட்டியில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. ஈரம் விட்டுப்போன கோடு உள்பக்கம் தெளிவாகத் தெரிந்தது. டீச்சர் அண்ணாந்து பலாமரத்தைப் பார்த்தார். தரையில் பாசியைப் பார்த்தார். வெயிலைத் தேடினார். பிறகு தன் வீட்டுப் பின்சுவரைப் பார்த்து, கையை அதில் வைத்து, உள்ளே நடு அறை எந்த இடத்தில் வரும் என்று கணக்குப் போட்டார். நான் ஒன்றும் சொல்லவேண்டி வரவில்லை.

"அகிலன்," என்று கூப்பிட்டார். அன்று முழுக்க அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான். "இன்னொரு பானை வையுங்க. இதுக்குள்ள ஊத்தணும்."

இருந்த தண்ணீரை நானும் அகிலனும் அள்ளி வெளியே விட்டோம். டீச்சர் மாதாவின் சுரூபத்தைத் தூக்கி, முந்தானையால் கால்களைத் துடைத்து, பலாமரத்தடியில் வைத்தார். "சுடும்," என்றார் மெதுவாக. சுடுதண்ணீர் தொட்டிக்குள் விழுந்தது. மூவரும் உள்ளே ஓடி வந்து, குழந்தையோடு நின்ற நிரோஜாவுக்குப் பக்கத்தில் சுவரின் முன்னால் நின்றோம். போனைப் பிடித்தது டீச்சர்தான்.

முதலில் ஒன்றும் இல்லை. அவர் மூச்சு எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் போயிற்று. நாக்கின் அடிவேரில், கூரைத் தட்டுக்குச் சற்றுக் கீழே, ஊதாப் புள்ளி ஒன்று. அது சிவந்தது. சிவப்பு இதழ் இதழாக அவிழ்ந்து நடுவில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. நீலச் சுவரில் ஒரு செம்பரத்தைப் பூ, எங்கள் கண் முன்னாலேயே, அவசரமில்லாமல் மலர்ந்தது. என் தொழிலில் அதைவிட அழகான படத்தை நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அடியில வெடிச்சிருக்கு," என்றார் டீச்சர். "நான் விளிம்பைத்தான் பூசினேன்."

அவர் கை நடுங்கியது. போன் நடுங்கியது. செம்பரத்தையும் நடுங்கியது. நிரோஜா ஒரு கையால் குழந்தையைப் பிடித்தபடி மறு கையால் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டாள். டீச்சர் உடனே பொத்தானை அழுத்திப் படம் எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்களைத் தேடித் தேடித் தட்டினார். அகிலனின் சட்டைப் பைக்குள் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தான், வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினான். பாதைக் குழுவில் அந்தச் சிவந்த படம். அதன் கீழே: "தண்ணி எங்கள் மாதா கெபித் தொட்டியிலிருந்து. மேல் வீட்டுப் பிள்ளைகள் மேல் பிழை இல்லை. நான் சொன்னது பிழை. பிலோமினா டீச்சர்."

"பெட்டியைப் பிரிங்க," என்றார் அவனிடம். "பின்னேரம் வாறவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

அகிலன் உடனே தலையாட்டிவிடவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. "டீச்சர், நாங்கள் கதைச்சுப்போட்டுச் சொல்றம். இவ்வளவும் நடந்தாப் பிறகு, இஞ்சை இருக்கிறதோ விடுறதோ எண்டு நாங்களும் யோசிக்கோணும்."

"யோசிங்க," என்றார் டீச்சர். "அது உங்க உரிமை." இருந்தாற்போல் மிச்சச் சுடுதண்ணீர் இருந்த பானைக்குள் எட்டிப் பார்த்தார். "இதில பாதிக்கு மேல இருக்கு. ஏன் வீணாக்கிறது? நிரோஜா, புள்ளைய இன்னைக்குக் குளிப்பாட்டினீங்களா?"

"எங்க டீச்சர் குளிப்பாட்டுறது? பாத்ரூமுக்கை எல்லாரும் நிண்டீங்கள்."

டீச்சர் குசினியிலிருந்து அகன்ற பேசினைக் கொண்டுவந்து நடு அறையில், அந்தச் சுவருக்கு முன்னாலேயே வைத்தார். கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்தார்கள். மெழுகிய தரையெல்லாம் சிதறியது, யாரும் கவலைப்படவில்லை. குழந்தையின் சட்டையைக் கழற்றும்போது டீச்சர் போனை எடுத்துப் பேசினுக்கு நேரே பிடித்தார்.

"பொறுங்க, எத்தனை பாகைன்னு பாத்துச் சொல்றேன்."

"வேண்டாம் டீச்சர்," என்றாள் நிரோஜா. முழங்கையைத் தண்ணீரில் தோய்த்தாள், யோசித்தாள், இன்னொரு சொம்பு பச்சைத் தண்ணீர் விட்டாள், மறுபடி தோய்த்தாள். "நீங்களும் பாருங்கோ, சரியோ எண்டு."

டீச்சர் கெமராவைக் கழற்றி, போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் குந்தி, தன் முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

"ம்," என்றார். "சரி. இறக்குங்க."